கண்ணாடி துடைக்கிற துணி

அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் முறை. சொல்கிறேன். அவருடைய வெள்ளைக் கோட்டில் நான் ஒரு நாளும் ஒரு சுருக்கம் பார்த்ததில்லை. அவ்வளவுதான், நல்லது முடிந்தது.

பாண்டிச்சேரியில் அப்போது விமானத்தில் ஏறியவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் விமானக் கம்பெனிக்கு ஓர் ஏஜென்ட் ஆபீஸ் இருந்தது, கடற்கரைக்கு இந்தப் பக்கம், வெள்ளைக்காரர்கள் குடியிருந்த தெரு ஒன்றில். சைகோனிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் மதராசில் இறங்கி, ரயிலோ பஸ்ஸோ பிடித்து ஊர் வந்து சேர்வார்கள். அவர்களுடைய பெட்டிகள் பின்னால் ஒரு வேனில் இந்த ஆபீசுக்கு வரும். வந்தால். அந்த ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்தான் இவர். பிறந்து வளர்ந்தது எல்லாம் நம்மூர்தான், பேசுவதும் நம் தமிழ்தான். ஆனால் ஊரே அவரை முசியே என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். ஐயா என்று கூப்பிட்டால் காது கேட்காது. அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. 'அவன்' என்று எழுதத்தான் கை துடிக்கிறது. மரியாதை, மரியாதை என்று உயிரை விட்ட மனிதர், போகட்டும், 'அவர்' என்றே எழுதித் தொலைக்கிறேன். எனக்கென்ன செலவு.

அவருக்குக் கோணல் ஆகாது. தொங்குவது ஆகாது. சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தால் எழுந்து போய் நேராக்குவார். எதிரில் ஓர் ஆள் அழுதுகொண்டிருந்தால் எழுந்திருக்க மாட்டார். சைகோனில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், பெட்டி வரவில்லை, பிள்ளைக்கு மாற்றுத் துணிகூட இல்லை என்று என் கண் முன்னாலேயே விசும்பிக்கொண்டு நின்றாள். இவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "மதாம், உங்க செருப்பக் கொஞ்சம் நேரா விட்டுட்டு வாங்க, வாசல்ல கோணலா கெடக்குது" என்றார். அந்தப் பெண் போய் நேராக விட்டுவிட்டு வந்தாள். எனக்கு, வாசலில் விட்ட என் செருப்பைப் போய்க் கையில் எடுக்கலாமா என்று இருந்தது.

எழுந்திருக்கவே மாட்டாரா என்றால், எழுந்திருப்பார். ஒரு வெள்ளைக்கார அம்மாளின் தொப்பிப் பெட்டி மதராசிலேயே தங்கிவிட்டது என்று தெரிந்ததும் தானே பஸ் ஏறிப் போய், மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். தொப்பிக்கு அந்தக் கரிசனம். எங்களுக்கு ஒரே மந்திரம்தான்: "கம்பெனி தொலைக்காது. ஜனங்கதான் தொலைப்பாங்க." பெட்டி தொலைந்துவிட்டது என்று யாராவது சொல்லிவிட்டால் திருத்துவார். "தொலைஞ்சதுன்னு சொல்லக் கூடாது. வந்துக்கிட்டிருக்குதுன்னு சொல்லணும். பசியான்ஸ், முசியே, பசியான்ஸ்." பொறுமை என்பதற்குப் பிரெஞ்சு வார்த்தை அது. கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியுது என்பார்கள். அந்த ஆபீசில் வடிந்த நெய்யில் ஊருக்கே தீபாவளிப் பலகாரம் சுட்டிருக்கலாம்.

பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வி வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோட்டுப் பையில் முக்கோணமாக மடித்த கைக்குட்டை இருக்கும், அது அழகுக்கு. அதைத் தொட மாட்டார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு துண்டுத் துணி எடுப்பார். ஒரு நாள் நீலம், ஒரு நாள் கட்டம் போட்டது. துடைத்துவிட்டு மடித்து உள்ளே வைத்து, டிராயரைச் சத்தமில்லாமல் மூடுவார். அதற்குள் கேள்வி கேட்டவருக்கே கேள்வி மறந்துபோகும்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறின மறு வருஷம் என் அண்ணன் சைகோனிலிருந்து வந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகப் போனவன். போகும்போது இரண்டு காலோடு போனான். அங்கே கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அளவெடுத்து ஒரு கட்டைக்கால் செய்து கொடுத்தார்கள். மரமும் தோல் வாரும் வைத்து, கீழே பூட்ஸ் மாட்டியது. அதை வைத்து நடக்கப் பழகிவிட்டான். புறப்படுகிற சமயத்தில் காலில் புண் வந்து, ஆறும்வரை மாட்டாதே என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அதைக் கழற்றிச் சட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியைப் பூட்டி விமானத்தில் போட்டுவிட்டான். ஊன்றுகோலோடு வந்து எங்கள் முத்தியால்பேட்டை வீட்டு வாசலில் இறங்கினான். "கால் பின்னாடி வருதும்மா" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். எப்போதும் அப்படித்தான், அழவேண்டிய இடத்தில் சிரிக்கிற ஜென்மம்.

எங்களுக்கு அப்பா இல்லை. நான் வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு மில் கேட்டில் வேலை கொடுக்கிறேன் என்று அங்கே இருந்த மேனேஜர் ஒருவர் சொல்லியிருந்தார். "நின்னு பாக்குற வேலை, கால் வந்ததும் வா" என்றிருந்தார். ஆக, அந்தக் கால்தான் எங்கள் வீட்டுச் சோறு.

ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். சைகோனுக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்கள், கப்பல் காலத்திலிருந்தே, பெட்டியின் கைப்பிடியில் புடவைத் துண்டு கட்டுவார்கள். சொல்தாக்களுக்கெல்லாம் ஒரே மாதிரிப் பச்சைத் தகரப் பெட்டி. மேலே எழுதின பெயர் உப்புக்காற்றில் போய்விடும், ஒட்டின சீட்டு கிழிந்துவிடும். அதனால் வீட்டில் அம்மாவோ பெண்டாட்டியோ தான் கட்டின புடவையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டிவிடுவாள். எத்தனை பெட்டி குவிந்து கிடந்தாலும் அம்மா புடவை பிள்ளைக்குத் தெரியாமல் போகுமா? கம்பெனிக்காரர்கள் தரும் அட்டைச் சீட்டையும் அந்தத் துணியிலேயே முடிந்துவிடுவார்கள். அண்ணன் புறப்பட்டபோது அம்மா தன் அரக்குப் புடவையில் கிழித்தாள். ஓரம் பிரியாமல் நான் மடித்துத் தைத்தேன். அரக்கு நூல் தீர்ந்துபோயிருந்ததால் மஞ்சள் நூலில் தைத்தேன்.

மாசி மகத்துக்கு மறுநாள் அண்ணனும் நானும் முதல் முறையாக அந்த ஆபீசுக்குப் போனோம். மகத்துக்கு வைத்திக்குப்பம் கடலுக்கு வந்த சாமிகள் ஊர் திரும்பிக்கொண்டிருந்ததால் தெருவெல்லாம் மேளம். உள்ளே போனால் சுடுகாட்டு அமைதி.

"என்ன வலீஸ்?" என்றார். பெட்டி என்ற வார்த்தை அவர் வாயில் வராது.

"பச்சைத் தகரப் பொட்டிங்க. கைப்பிடியில அரக்குத் துணி கட்டியிருக்கும்."

"துணியெல்லாம் எழுதறதில்ல. உள்ள என்ன?"

"சட்டை, காக்கி டவுசர், ஒரு கம்பளி, ஒரு கால்."

பேனா நின்றது. "என்ன கால்?"

"என் கால்தாங்க. கட்டைக்கால்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். டிராயரைத் திறந்து நீலத் துணி ஒன்றை எடுத்தார். துடைத்தார், துடைத்தார், அப்படித் துடைத்தார். மாட்டிக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

"யாராவது கால வலீஸ்ல போடுவாங்களா? முக்கியமான சாமானக் கையிலதான் வெச்சுக்கணும். கம்பெனி ரூல்லயே இருக்குது."

"காலக் கையில எப்படிங்க வெச்சுக்கறது?" என்று அண்ணன் சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. "பசியான்ஸ். வந்துக்கிட்டிருக்குது" என்றார். பிறகு, அண்ணன் கவுண்டரில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கி, எட்டாத மூலையில் நேராக நிறுத்தினார். "இங்க சாய்க்கக் கூடாது. பாலிஷ் போயிடும்." அண்ணன் ஒற்றைக் காலில் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். குதிரை கீழே தள்ளினதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்!

பங்குனி போச்சு, சித்திரை போச்சு. நாங்கள் நடையாய் நடந்தோம். வெறுங்கையோடு போனால் என்ன நினைப்பாரோ என்று அம்மா ஒரு நாள் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பை கொண்டுவந்தாள். அதையும் வாங்கிக்கொண்டார். "மதாம், தோலெல்லாம் இங்க சிந்தாமப் பாத்துக்குங்க" என்றார். வெளியே வந்ததும் அம்மா, "நல்ல மனுஷன்தான்டி, சுத்தம் பாக்கறாரு" என்றாள். அம்மாவுக்கு, கோட்டுப் போட்டவன் பொய் சொல்ல மாட்டான்.

மில்லில் அந்த வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கட்டைக்கால் வந்தால் அடுத்து ஒரு இடம் காலியாகும்போது பார்க்கலாம் என்றார் மேனேஜர். பழைய சொல்தாக்களின் பென்ஷனைக் கவனிக்கிற ஆபீசில் போய் அழுதோம். அங்கே இருந்த குமாஸ்தா இரக்கப்பட்டவர். "கால் தொலைஞ்சுபோச்சுன்னு ஏஜென்ட் ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். புதுக் கால் செஞ்சு வரவழைச்சுடலாம்" என்றார். ஒரு வரி! எனக்குக் காலே முளைத்துவிட்ட மாதிரி இருந்தது. நேராக முசியேயிடம் போனோம்.

"தொலைஞ்சதுன்னா? நான் எழுதறதா?" என்றார். அவருடைய அப்பாவைத் திட்டினதுபோல முகம் மாறிவிட்டது. "கம்பெனி தொலைக்காது முசியே. தொலையாதத தொலைஞ்சதுன்னு நான் பொய் எழுத மாட்டேன்."

ஆகா, அரிச்சந்திரன்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மா சொன்ன பேச்சில்லை. அண்ணன் கெஞ்சினான். நான் அழுதேன், பிறகு கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், டிராயரைத் திறந்தார், துணியை எடுத்தார்.

அரக்குத் துணி. ஓரத்தில் மஞ்சள் தையல்.

கவுண்டருக்கு மேலே பாய்ந்து அதைப் பிடுங்கினேன். கண்ணாடி கீழே விழுந்தது. "இது எங்கம்மா பொடவை! இது நான் தெச்சது! இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

அந்த ஆள் கொஞ்சமாவது வெலவெலத்திருக்க வேண்டாமா? குனிந்து கண்ணாடியை எடுத்து, உடையவில்லை என்று பார்த்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "ஆமாம். எல்லா வலீஸ்லயும் கந்தலக் கட்டிக்கிட்டு வர்றாங்க. வேன்லேர்ந்து எறக்கினதும் கத்தரிச்சுடுவேன். வலீஸ்னா வலீஸ் மாதிரி இருக்கணும். என் ஆபீஸ் என்ன, துணி காயப்போடற எடமா?"

"துணியக் கத்தரிச்சா அதுல கட்டியிருக்கிற சீட்டும் வந்துடுமே?"

"சீட்டெல்லாம் அப்புறம் லிஸ்ட்டப் பாத்து நானே புதுசா எழுதி, வெள்ளைக் கயித்துல அழகாக் கட்டிடுவேன்."

அழகாக! எது எந்தப் பெட்டியின் சீட்டு என்று எப்படித் தெரியும் என்று அண்ணன் கேட்டான். அதற்கு ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். "இத்தன வருஷமா கட்டறேன். எனக்குத் தெரியாதா?"

எங்கள் பெட்டியை யாருக்குக் கொடுத்தார் என்று கேட்டதற்கு, அடுத்தவர் விவரத்தைச் சொல்லக் கூடாது, ரூல் என்றார். வெளியே வந்தோம். அந்த ஆபீஸ் பெட்டிகளை வீடுகளுக்கு இழுத்துப் போகிற கைவண்டிக்காரர் எதிர் நிழலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே நான் போட்ட சத்தம் அவருக்குக் கேட்டிருந்தது. "மகத்துக்கு முந்தி பச்சைப் பொட்டி ஒண்ணுதாம்மா இழுத்தேன், கதிர்காமத்துக்கு. புள்ள செத்துப்போன வூடு" என்று வழி சொன்னார்.

கதிர்காமம் அப்போதெல்லாம் வயக்காடு. கரும்பும் மல்லாட்டையும் போட்டிருந்த கொல்லைக்கு நடுவில் கூரை வீடு. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், வயதானவர்கள். ஒரே பிள்ளை, சொல்தாவாகப் போய் அங்கேயே செத்து, அங்கேயே புதைத்துவிட்டார்கள். உள்ளே சுவரில் பிள்ளையின் போட்டோ. அதற்குக் கீழே அண்ணனுடைய பச்சைப் பெட்டி. பெட்டிமேல் அண்ணனுடைய காக்கிச் சட்டை மடித்து வைத்து, குங்குமம் இட்டு, பூப் போட்டிருந்தது.

ஊன்றுகோலைப் பார்த்ததும் பெரியவர் எழுந்து வந்தார். "பட்டாளமா தம்பி? எம்புள்ளகூட இருந்தியா?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். அவருக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"புள்ளையோட சாமான் வருதுன்னு காயிதம் வந்துச்சு. பொட்டியும் வந்துச்சு. பூட்ட ஒடச்சுப் பாத்தா உள்ள ஒரு கால், தம்பி. கட்டைக்கால். பூட்சோட. இவ அப்படியே உக்காந்துட்டா. அவனுக்குக் கால் போனதையே யாரும் எங்களுக்குச் சொல்லலையே! எனக்கு மனசு கேக்கல. மகத்துக்கு மொத நாளு அந்த ஆபீசுக்கே திரும்பப் போயி, முசியே, எம்புள்ள ரெண்டு காலோட போனவன், இது அவன்துதானான்னு கேட்டேன். கண்ணாடியத் தொடச்சிக்கிட்டே சொன்னாரு, பேரு சரியா இருக்குது, கையெழுத்தும் போட்டுட்ட, கம்பெனி தப்பா அனுப்பாதுன்னு."

"இப்ப அந்தக் கால்?" என்றேன் நான்.

"ஒடம்பு வரல. எங்களுக்குன்னு வந்தது அது ஒண்ணுதாம்மா. தாய்மாமன் வெளியூர்லேர்ந்து வரணும்னு, வேட்டியப் போத்தி இங்கியே வெச்சிருந்தோம். பங்குனி அமாவாசைக்குப் பாடை கட்டி எடுத்துக்கிட்டுப் போயி, எல்லா சாங்கியமும் செஞ்சு எரிச்சோம். நான்தான் கொள்ளி வெச்சேன்."

நான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். மகத்துக்கு முதல் நாள் இவர் அந்தக் கவுண்டரில் நின்று, கால் என் பிள்ளையுடையதா என்று கேட்டிருக்கிறார். மகத்துக்கு மறுநாள் அதே கவுண்டரில் அண்ணன் நின்று, என் கால் எங்கே என்று கேட்டிருக்கிறான். இரண்டையும் கேட்டது அதே காது. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்த வீட்டில் வேட்டிக்குக் கீழே கால் பத்திரமாக இருந்திருக்கும். சொல்லவில்லை. சொன்னால் கம்பெனி தப்பாக அனுப்பியதாக ஆகிவிடும். அதற்குப் பதில் நீலத் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். மறந்துபோயிருக்கும் என்று அவருக்காக வக்காலத்து வாங்கினவர்களும் உண்டு. என்ன, ஊரில் தினம் நாலு பேர் வந்து கால் காணோம் என்று சொல்கிறார்களா, மறப்பதற்கு?

அந்த அம்மா மெல்ல நகர்ந்து வந்து, அண்ணனுடைய மடித்து விட்ட கால்சட்டை முனையை, கால் முடிகிற இடத்தை, தொட்டுப் பார்த்தாள். "எம்புள்ளைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல?" என்றாள். "அத மாட்டிக்கிட்டு நடந்தானாப்பா?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "நடந்தான்மா" என்றான். "நல்லா நடந்தான்."

வரப்பு மேட்டில் திரும்பி வரும்போது நான் குமுறினேன். அந்தக் கண்ணாடிக்காரர் மண்டையை உடைக்க வேண்டும், ஊரைக் கூட்டி நியாயம் கேட்க வேண்டும், போலீசுக்குப் போக வேண்டும். அண்ணன் நின்றான். "நீ கூவுனா இவங்க காதுலயும் விழும், பாப்பா. அவங்க எரிச்சது யாரு காலு? எம்புள்ளைக்குக் கொள்ளி வெச்சேன்னு அந்தாளு படுத்து ஒறங்கறாரு. அதையும் புடுங்கணுமா?"

நான் வாயை மூடினது அன்றைக்கு. முசியே மேல் இருந்த இரக்கத்தால் இல்லை.

புதுக்காலுக்கு இன்னும் வழி இருந்தது. தொலைந்தது என்ற அந்த ஒரு வரி வந்தால் போதும். பென்ஷன் ஆபீஸ் குமாஸ்தாவே முசியேயிடம் வந்து சொல்லிப் பார்க்கிறேன் என்றார். நாங்கள் காத்திருந்தோம். தீபாவளி நெருங்கின சமயம், ஆபீசிலிருந்து ஆள் வந்தது: பெட்டி வந்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளவும்.

எங்கள் பெட்டிதான் கதிர்காமத்தில் பூப்போட்டு இருக்கிறதே, இது எந்தப் பெட்டி? போனோம். அன்றைக்குத்தான் எங்களுக்காக முதல் தடவையாக எழுந்து நின்றார். கவுண்டர்மேல் ஒரு பச்சைத் தகரப் பெட்டி. கைப்பிடி மொட்டையாக இருந்தது. வெள்ளைக் கயிற்றில் அழகாக ஒரு சீட்டு, அண்ணன் பெயரோடு. அவர் கணக்கில் ஒரு பெட்டி குறைந்திருந்தது, ஒரு பெட்டி மதராசிலிருந்து தாமதமாக வந்தது. தீர்ந்தது விவகாரம்.

"தெறந்து பாத்துக்குங்க, முசியே. அப்புறம் கம்பெனி மேல கொற சொல்லக் கூடாது."

பூட்டு இல்லாத பெட்டி, அண்ணன் திறந்தான். மூடியின் உள்பக்கம் வெள்ளை பெயிண்டில் ஒரு பெயர் எழுதியிருந்தது. கதிர்காமத்துப் பிள்ளையின் பெயர். உள்ளே அவனுடைய சட்டைகள், ஒரு மவுத் ஆர்கன், முகம் பார்க்கிற கண்ணாடி, சீப்பு, காகிதத்தில் சுற்றிய சைகோன் பட்டு ஒரு துண்டு.

"இது எங்க—" என்று நான் ஆரம்பித்தேன். அண்ணன் என் கையை நசுக்கினான்.

எனக்கும் புரிந்தது. இது எங்களுடையதில்லை என்றால், இது கதிர்காமத்துக்குப் போக வேண்டும். போனால், அங்கே எரிந்தது அவர்கள் பிள்ளையுடைய காலில்லை என்று தெரிந்துவிடும். எங்களுடையது என்றால், கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், பெட்டி கிடைத்துவிட்டது; தொலையவில்லை; புதுக்கால் கிடையாது. மில் கேட்டும் கிடையாது.

"எல்லாம் சரியா இருக்குதா?" என்றார் முசியே.

கால் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. இத்தனை மாதம் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். அதைக் கேட்டிருந்தால் அவரையும் மனிதர்களோடு சேர்த்திருப்பேன்.

"சரியா இருக்குதுங்க" என்று அண்ணன் கையெழுத்துப் போட்டான்.

"பாத்தீங்களா? கம்பெனி தொலைக்காது" என்று கை கொடுத்தார். பெட்டி மூடி ஒரு பக்கம் கோணலாக மூடியிருந்தது. அதைத் தட்டி நேராக்கினார்.

அன்று இரவு வீட்டில் நான் அண்ணனைத் திட்டாத திட்டு இல்லை. பைத்தியக்காரா, பிழைக்கத் தெரியாதவனே, அம்மாவுக்கு யார் சோறு போடுவது என்று எல்லாம் கேட்டேன். அவன் சட்டைகளை எடுத்து உதறி மடித்துக்கொண்டிருந்தான். "இதெல்லாம் அவங்களுக்குப் போகணும். ஒரேயடியா குடுத்தா பொட்டி எதுன்னு கேப்பாங்க. ஒண்ணொண்ணா குடுக்கலாம்" என்றான்.

அப்படியேதான் செய்தான். பிறகு குடை ரிப்பேர் கடை போட்டு, உட்கார்ந்தபடியே பிழைத்தான். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை கதிர்காமம் போவான். "உங்க புள்ள எங்கிட்ட குடுத்து வெச்சிருந்தான், இப்பத்தான் தேடி எடுத்தேன்" என்று ஒரு தடவை சீப்பு, ஒரு தடவை மவுத் ஆர்கன். அந்த அம்மா அவனுக்குச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

இப்போது அந்தப் பெரியவர்கள் இல்லை. என் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இனி யாருக்காக நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் முசியேவைக் கடைசியாகப் பார்த்தது, பிரெஞ்சுக்காரர்களோடு போட்ட ஒப்பந்தம் அமலாகி, ஊர் முறைப்படி இந்தியாவோடு சேர்ந்த வருஷம். கதிர்காமத்து அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று செய்தி வந்து, பெட்டியில் மிச்சமிருந்த சைகோன் பட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் கிளம்பினான். அதைத்தான் கடைசிக்கென்று வைத்திருந்தான். நானும் கூடப் போனேன். அந்த ஆபீஸ் வாசலைத் தாண்டித்தான் ரிக்ஷாவுக்கு நடக்க வேண்டும்.

வாசலில் முசியே, அதே வெள்ளைக் கோட்டு. எதிரில் மதராஸ்காரர்போல ஒருவர், தன் பெட்டி தொலைந்துவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தார். முசியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பச்சைக் கட்டம் போட்ட துணி, எந்த வீட்டுப் புடவையோ. துடைத்து முடித்து மாட்டிக்கொண்டார். ஊன்றுகோலோடு வந்துகொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தொலைஞ்சதுன்னு சொல்லக் கூடாது சார். அதோ வர்றாரே, அவரு காலே காணோம்னு வந்து நின்னாரு. பசியான்ஸ்னு சொன்னேன். கம்பெனி கொண்டாந்து சேத்துச்சு. வேணும்னா அவரையே கேளுங்க."

அந்த மனிதர் திரும்பி அண்ணனைப் பார்த்தார். மடித்துக் குத்தியிருந்த கால்சட்டையைப் பார்த்தார். தெருவில் கதிர்காமத்துப் பக்கத்து ஆட்கள் யாராவது போய்க்கொண்டிருப்பார்கள், எப்போதும் போவார்கள். அண்ணன் பட்டுப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தான்.

"ஆமாங்க" என்றான். "வந்து சேந்துடுச்சு."